வங்கிக்காரர்களின் வீட்டில் குடியிருந்தோம்

எங்கள் வீட்டுச் சுவரில் வங்கி நோட்டீஸ் ஒட்டிய நேரத்தில் நான் குவைத்தில், மங்காஃப் என்ற ஊரில், நர்ஸாக வேலை பார்க்கும் கிளினிக்கில், ஒரு நாலு வயதுக் குழந்தையின் மூக்கிலிருந்து கொண்டைக்கடலை எடுக்க டாக்டருக்கு உதவிக்கொண்டிருந்தேன். கடலை வெளியே வந்ததும் குழந்தையின் தகப்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டாக்டரின் கையைக் குலுக்கவில்லை. அந்தப் பெருமையோடு வெளியே வந்து போனைப் பார்த்தேன். என் கணவரிடமிருந்து பதினோரு அழைப்புகள்.

டியூட்டி நேரத்தில் கூப்பிடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு விதி. விதி என்றால் அவருக்கு உயிர். ஷார்ஜாவில் பதினாலு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். எனக்கு இந்த வேலை கிடைத்ததும் இரண்டு பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலோரமாக இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி, கடன் வாங்கி அந்த வீட்டைக் கட்டினார். ஷார்ஜாவில் மத்தியான வெயிலில் ஒரு வண்டிகூட இல்லாத ரோட்டிலும் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் கடப்பார். எங்கள் ஊரில் சிக்னலே கிடையாது. அதனால் ரோட்டோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது இரக்கப்பட்டுக் கூட்டிப் போனால்தான் உண்டு.

பயந்துகொண்டே திரும்பக் கூப்பிட்டேன்.

"பிள்ளே, ஒரு விசயம். பயப்படாத. நம்ம வீடு நம்மளுக்க வீடு இல்ல."

"பின்ன யாருக்க வீடு?"

"பேங்குக்க வீடு. சொவத்துல ஒட்டிட்டுப் போயிருக்காவ. வாசிக்கட்டா?"

வாசித்தார். ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ். ஆங்கிலமாவது கொஞ்சம் புரிந்தது. தமிழில் 'கீழே விவரிக்கப்பட்டுள்ள சொத்தின் சுவாதீனம் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது' என்று இருந்தது. பொதுமக்கள் யாரும் இந்தச் சொத்தைப் பற்றி எந்தப் பேச்சுவார்த்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் ஒரு எச்சரிக்கை.

"சுவாதீனம்னா என்னது?" என்று கேட்டார்.

"எடுத்துட்டாங்கன்னு அர்த்தம்."

"நான் வீட்டுக்குள்ளதானே நிக்கேன். என்னையும் சேத்து எடுத்தாச்சா?"

மாசம் தவறாமல் சம்பள நாளன்று எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று தவணையை அனுப்பியவள் நான். காய்ச்சலோடு நின்றிருக்கிறேன், புழுதிக்காற்றில் நின்றிருக்கிறேன். அந்த வீட்டின் ஒவ்வொரு டைல்ஸையும் இங்கிருந்து போட்டோவில் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். லீவுக்குப் போனால் ஒரு மாசம் இருப்பேன், அவ்வளவுதான். அந்த வீட்டுக்குள் நான் இருந்ததைவிட அது என் போனுக்குள் இருந்த காலம்தான் அதிகம். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வெளியே ஒரு நோயாளி, "சிஸ்டர், யல்லா, யல்லா" என்று அரபியில் அவசரப்படுத்தித் தட்டிக்கொண்டே இருந்ததால் அதையும் முழுசாக முடிக்க முடியவில்லை.

என் ரூமில் என்னோடு இருப்பவள் தூத்துக்குடிப் பெண். அவளும் அதே கிளினிக்கில் நர்ஸ்தான். எதையும் போனில் தேடிப் படித்துவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பாள். நான் ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிச் சட்டத்தைப் படித்து வைத்திருந்தாள்.

"யக்கா, இதுக்குக் கோர்ட்டே வேண்டாமாம். பேங்கே நோட்டீஸ் விடுமாம், அறுவது நாள் பாக்குமாம், பொறவு அதுவே எடுத்துக்கிடுமாம். ஒங்களுக்கு அந்த மொத நோட்டீஸ் வந்துச்சா?"

"வரல்லையே."

"பேப்பர்லயும் போடுவாவளாம்."

"நான் குவைத்துல இருக்கேன். அவிய நாகர்கோவில் பேப்பர்ல போட்டா நான் எப்பிடிப் பாக்கது?"

"அதத்தான் நானும் கேக்கேன். இத பேங்குகிட்டல்லா கேக்கணும், ஒங்ககிட்ட ஏன் கேக்கேன்னுதான் தெரியல."

இரண்டு பேருமாக உட்கார்ந்து வங்கிக்கு ஒரு ஆட்சேபணை மின்னஞ்சல் அனுப்பினோம். அரை நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. உடனே திறந்தோம். எங்கள் கடிதம் அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு கம்ப்யூட்டர் எழுதியிருந்தது.

மறுநாள் என் கணவர் நோட்டீஸின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். கடன் பிரிவின் அதிகாரி, ஒரு பெண். அவரிடம் இவர் கேட்ட முதல் கேள்வி, "மேடம், வாடகை எவ்வளவு?"

அந்தம்மா குழம்பிப்போய், நீங்கள் அங்கேயே இருக்கலாம், இப்போதைக்கு அடையாளத்துக்குத்தான் சுவாதீனம் எடுத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்.

"அடையாளத்துக்குன்னா எப்பிடிப் பிள்ளே?" என்று என்னிடம் கேட்டார்.

"பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிப்போம்லா? அதுமாதிரி."

"அப்பச் செரி. சீட்டு அவியளுக்கு. நாம நிக்கணும்."

இதை நான் சொல்லியிருக்கவே கூடாது. ஏனென்றால் அன்றிலிருந்து அவர் எங்கள் சொந்த வீட்டில் வாடகைக்காரராக வாழத் தொடங்கிவிட்டார். காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவில்லை. ஓனரிடம் கேட்க வேண்டுமாம். மூத்தவள் தன் அறைக் கதவில் ஒட்டியிருந்த பூ ஸ்டிக்கரை உரித்து எடுக்கச் சொன்னார். அவள் எனக்குப் போன் செய்து, "அம்மா, அப்பாவ என்னண்ணு கேளு" என்று கத்தினாள்.

அந்த வாரம் ஊரில் நல்ல மழை. சமையலறைக் கூரை ஒழுகியது. கட்டின நாளிலிருந்தே ஒழுகுகிற கூரைதான். வருஷா வருஷம் இவரே மேலே ஏறி எதையாவது பூசுவார். இந்த வருஷம் ஏறவில்லை. வங்கிக்குப் போன் போட்டார்.

"மேடம், கிச்சன்ல தண்ணி விழுது. எப்ப ஆளு அனுப்புதிய?"

"சார், அதுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஷார்ஜாவில நான் பதினாலு வருசம் குடியிருந்திருக்கேன் மேடம். மெயின்டனன்ஸ் ஓனருக்க பொறுப்பாக்கும். ஏசி ஒழுகினாலும் நாங்க ஓனருக்குத்தான் சொல்லுவோம்."

அவர் கிண்டல் செய்யவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். என் கணவருக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. கல்யாணமான புதிதில் நான் கிண்டலாகச் சொன்னதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்ட மனிதர். அந்தம்மா போனை வைத்ததும் இவர் எழுத்துமூலமாகப் புகார் தயாரித்தார். கூரை, தண்ணீர் மோட்டார், தாழ்ப்பாள் சரியில்லாத பின்கதவு. கடைசியில் 'கவனத்துக்கு: வீட்டின் உரிமையாளர்' என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

இங்கே நான் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சட்டமன்ற உறுப்பினர் வருகிறார், சபையோர் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரலாம் என்று தகவல் வந்தது. இதுதான் சமயம் என்று தூத்துக்குடிக்காரி சொன்னாள். ஒரு மத்தியானம் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து வீட்டு ஜப்திச் சட்டத்தைப் பேப்பரில் திருத்தினோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் போனிலும் மின்னஞ்சலிலும் தகவல் வர வேண்டும். நோட்டீஸ் மனிதர்கள் பேசுகிற தமிழில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு அதிகாரி அந்தக் குடும்பத்தோடு நேரில் உட்கார்ந்து, இருக்கிற ரசீதுகளையெல்லாம் பார்த்துப் பேச வேண்டும். போனில் என் கணவரையும் கேட்டோம். அந்தப் பேச்சின்போது குடிக்கிற சாயாவுக்கு வங்கிதான் காசு கொடுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொடுத்தார். தூத்துக்குடிக்காரி, நோட்டீஸை எந்தப் பசையால் ஒட்டினாலும் பெயின்ட் பெயரக் கூடாது என்று சேர்த்தாள். இரண்டையும் அப்புறம் அடித்துவிட்டோம்.

விழாவைத் தொகுத்து வழங்கிய பெண் ஒரு இன்ஜினியர். குவைத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் அழகாகப் பேசுவார், வாசிக்க வராது. அதனால் கேள்விகளை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். தூத்துக்குடிக்காரி அப்படியே டைப் அடித்துக் கிளினிக் பிரின்டரில் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூட அரங்கு. பரதநாட்டியம் முடிந்தது, குழந்தைகளின் மாறுவேடம் முடிந்தது, கேள்வி நேரம் வந்தது. மூன்றாவது சீட்டு எங்களுடையது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அடுத்த கேள்வி, மங்காஃபிலிருந்து ஒரு சகோதரி," என்றார் அந்தப் பெண். "வீட்டு சப்பாத்தி சட்டத்தைத் திருத்த வேண்டும்."

அரங்கில் லேசாக ஒரு சலசலப்பு. நான் தூத்துக்குடிக்காரியைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆங்கில எழுத்தில் அடித்திருந்த ஜப்தி என்ற சொல்லை அந்தப் பெண் வாழ்க்கையில் கேள்விப்பட்டதே இல்லை. சப்பாத்தியைத் தினமும் சாப்பிடுகிறவர். குரலில் நல்ல உணர்ச்சியோடு மேலே வாசித்தார்.

"எந்த வீட்டிலும் சப்பாத்தி செய்வதற்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்கு முறையாகத் தகவல் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் கஷ்டப்படுகிறவர்களின் வீட்டில் சப்பாத்தி நோட்டீஸைச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. ஒரு அதிகாரி நேரில் வந்து உட்கார்ந்து பேசிய பிறகுதான் சப்பாத்தி என்ற நிலை வர வேண்டும்."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். சட்டமன்ற உறுப்பினர் மைக்கைப் பிடித்தார். பாவம், அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எத்தனை மேடைகளைப் பார்த்தவரோ. "மிகவும் நியாயமான கோரிக்கை," என்று தொடங்கி, ரேஷன் கடைகளில் கோதுமை, வளரும் பிள்ளைகளின் சத்துணவு, சர்க்கரை நோய் என்று நாலு நிமிஷம் பேசினார்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "சப்பாத்தி இல்ல சார்! ஜப்தி! ஜப்தி!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து மைக் கீச்சென்று ஊளையிட்டது. ஒரு தொண்டர் குனிந்தபடி ஓடி வந்து, "சிஸ்டர், உக்காருங்க. ஒரு மணிக்கு சாப்பாடு போட்டுருவோம். சப்பாத்தியும் இருக்கு," என்றார்.

தூத்துக்குடிக்காரி நாற்காலிக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. எனக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. ஆனால் சிரிப்புத்தான் வந்தது. வீட்டில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

சாப்பாட்டு வரிசையில் அந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றேன். அவர் தட்டோடு ஓரமாக நகர்ந்ததும் விடாமல் பின்னாலேயே போனேன்.

"சார், சப்பாத்தி கேட்டது நான்தான்."

"எடுத்துக்கோங்கம்மா, அங்க நிறைய இருக்கு."

விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். மனிதர் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கையில் எடுத்த வடையைக் கடிக்காமலே கேட்டார்.

"அம்மா, அது டெல்லிச் சட்டம். எங்க கையில இல்ல."

"தெரியும் சார். ஆனா நம்ம சட்டமன்றத்துல ஒரு தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பலாம்லா? வீட்ட எடுக்கதுக்கு முன்ன பேங்குகாரங்களையும் வீட்டுக்காரங்களையும் கலெக்டர் ஆபீசுல ஒண்ணா உக்கார வச்சுப் பேசலாம்லா? எங்ககிட்ட ஒரு ஆளு வந்து ஒரு வார்த்த கேக்கலியே சார்."

"நோட்டீஸ யார்கிட்டத்தான் குடுத்தாங்க?"

"சொவத்துகிட்ட சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் வடையைக் கடித்திருந்தார். புரையேறி, கண் பிதுங்கி, முகம் சிவந்துபோனது. உதவியாளர் தண்ணீரைத் தேடி ஓட, நான் அவரைக் குனிய வைத்து முதுகில் நாலு தட்டு தட்டினேன். வடைத் துண்டு வெளியே வந்தது. அந்த மாதத்தில் நான் வெளியே வரவைத்த இரண்டாவது பொருள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனுவைக் கொடுங்கள், கட்டாயம் பேசுகிறேன் என்றார். என் கைப்பையில் இருந்த பிரதியை உதவியாளர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சில வாரம் கழித்து, என் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு கடிதம் வந்தது. எந்தத் துறை என்று அதில் இல்லை. உணவுத் துறைதான் என்று தூத்துக்குடிக்காரி சத்தியம் செய்கிறாள்.

ஆனால் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது சட்டமும் இல்லை, மனுவும் இல்லை. தேங்காய்.

எங்கள் பின்பக்கத்தில் ஐந்து தென்னை நிற்கிறது. நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து விழுந்த தேங்காயையெல்லாம் என் கணவர் ஒரு சாக்கில் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். சாக்கின் மேல் மார்க்கர் பேனாவால் 'பேங்க்' என்று எழுதியிருந்தார். மரம் ஓனருடையது, அதனால் காயும் ஓனருடையது. சட்னிக்கும் குழம்புக்கும் கடையில் போய்த் தேங்காய் வாங்கினார். ஐந்து தென்னை நிற்கிற வீட்டில், கடைத் தேங்காய்! சின்னவள் இதைச் சொன்னபோது நான் போனில் கத்திய கத்தலில் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஒரு எகிப்துக்காரம்மா வந்து கதவைத் தட்டினார்.

"ஒரு தேங்காய எடுத்து ஒடச்சா என்ன ஆகும்?" என்றேன்.

"நோட்டீஸுல எழுதியிருக்கு பிள்ளே. சொத்துல கை வைக்கப்பிடாது. நாளைக்குக் கேஸுல நமக்கு எதிரா வந்திரும்."

சாக்கு நிறைந்தது. ஒரு திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வங்கிக்கே போய்விட்டார். மற்றொரு கையில் பிளாஸ்டிக் ஃபைல். நான் அனுப்பிய பணத்தின் ரசீதை மாசாமாசம் போட்டோ எடுத்து அனுப்புவேன். ஒன்றைக்கூட விடாமல் பிரின்ட் போட்டு வரிசையாக வைத்திருப்பார். அங்கே நடந்ததை அவர் எனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் ஒரே மாதிரிதான் சொன்னார். கூட்டிச் சொல்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது.

காவலாளி சாக்கைத் தடுத்திருக்கிறார். இவர், "உள்ள இருக்கவியளுக்க தேங்காயாக்கும்," என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் அந்த அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறார்.

"சார், என்ன இது?"

"ஒங்களுக்க தேங்காய் மேடம். நாப்பத்திரெண்டு இருக்கு. எண்ணிப் பாத்துட்டு ரசீது தந்திருங்க."

"சார், தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க. தேங்காய் எங்களுக்கு வேண்டாம்."

"அப்ப, தேங்காயில பேங்குக்கு உரிமை இல்லண்ணு ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க. கொண்டு போயிருதேன்."

அந்த அம்மாவுக்கு வேறு வழியில்லை. வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு தேங்காய் உருண்டு பணம் கட்டுகிற கவுன்டர் வரை போய்விட்டது. எழுதித் தர வேண்டுமானால் சொத்தின் விவரம் வேண்டும். விவரத்துக்கு ஃபைல் வேண்டும். எங்கள் ஃபைலை எடுக்கச் சொல்லி, முதன்முறையாக முழுசாகப் பிரித்திருக்கிறார். இவரும் சும்மா இருக்காமல் தன் பிளாஸ்டிக் ஃபைலைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார்.

"இவங்க மாசாமாசம் பணம் அனுப்பியிருக்காங்களே!"

"ஆமா மேடம். பின்ன?"

"எந்த அக்கவுன்ட்டுக்கு?"

அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. எங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியை ஒரு பெரிய வங்கி தன்னோடு சேர்த்துக்கொண்டபோது கணக்கு எண்கள் மாறிவிட்டன. நான் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். பணம் திரும்பி வரவுமில்லை, எங்கள் கடனில் சேரவுமில்லை. ஆளில்லாத பணமெல்லாம் போய் உட்காருகிற ஏதோ ஒரு கணக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. புது எண்ணைச் சொன்ன கடிதமும், அறுபது நாள் நோட்டீஸும் எங்கள் பழைய கதவு எண்ணுக்குப் போயிருந்தன. பஞ்சாயத்தில் எண்களை மாற்றிய பிறகு அந்த எண் இப்போது ஒரு ஐஸ் பிளான்ட்டுக்கு. அங்கே இருந்த காவல்காரர், யாராவது வந்து கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டு அழகாகக் கட்டி வைத்திருந்தார். என் கணவர் போய்க் கேட்டதும், "இவ்வளவு நாளா எங்க போனீரு?" என்று அவர்தான் கோபப்பட்டாராம்.

அந்த அதிகாரி நல்லவர். மேலிடத்துக்கு எழுதி, அந்தப் பணத்தை எங்கள் கடனில் சேர்க்கவைத்து, சுவாதீனத்தை விலக்கிக்கொள்ளும் கடிதத்தை வாங்கி, ஒரு சனிக்கிழமை தானே வீட்டுக்கு வந்தார். என் கணவர் வீடியோ காலில் என்னையும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தம்மா ஒரு பிளேடால் நோட்டீஸைச் சுரண்டினார். நோட்டீஸோடு ஒரு கை அகலத்துக்குப் பெயின்டும் சேர்ந்து வந்தது.

என் கணவர் அதைக் கூர்ந்து பார்த்தார். "மேடம், பெயின்ட் போயிட்டு. ஓனருக்க பொறுப்பாக்கும்."

"சார்," என்றார் அந்தம்மா, பிளேடைக் கீழே வைத்துவிட்டு, "இந்த நிமிஷத்திலேர்ந்து ஓனர் நீங்கதான்."

அவர் முகம் மலர்ந்ததை இங்கிருந்து பார்த்தேன். நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டை ஒரு சுற்று பார்த்தார். பிறகு மெல்ல அந்த முகம் வாடியது.

"அப்ப அந்தக் கூரையையும் நான்தான் பாக்கணுமா?"

"ஆமா சார்."

மறுநாள் மேலே ஏறிவிட்டார்.

சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நானும் தூத்துக்குடிக்காரியும் மனுவை நல்ல தமிழ் எழுத்தில் மறுபடி அடித்து, எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பியிருக்கிறோம். ஒரு ஆள் நேரில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஃபைலைப் பார்க்க வேண்டும் என்ற பகுதியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். எல்லோரிடமும் நாற்பத்திரண்டு தேங்காய் இருக்காது. என் கணவரைப் போன்ற ஒரு ஆளும் எல்லா வீட்டிலும் கிடையாது. அவர்கள் வீடு சத்தமில்லாமல் போய்விடும். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கதை மங்காஃபில் பரவிவிட்டதால் வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் ஊரிலிருந்து வந்த வங்கிக் கடிதத்தோடு எங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறார்கள். எனக்குச் சட்டம் தெரியாது. வாசித்துச் சொல்வேன், கணக்கு எண் சரிதானா என்று பார்க்கச் சொல்வேன், பயமாக இருந்தால் வக்கீலிடம் அனுப்புவேன். போன வாரம் எங்கள் கிளினிக் வண்டியின் டிரைவர் வந்தார், ராமநாதபுரத்துக்காரர். கடிதத்தின் போட்டோ அவர் போனில் இருந்தது. அவர் போனை என் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டே இருந்ததால் எழுத்து ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

"சிஸ்டர், வீடு போச்சா?"

போனை வாங்கி நிதானமாக இரண்டு முறை வாசித்தேன்.

"இல்லண்ணே. நீங்க ஒழுங்கா தவணை கட்டுதியளாம். ரொம்ப சந்தோசமாம். அதனால இன்னொரு லோன் தாறோம்ணு எழுதியிருக்காவ."

டிரைவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "மாஃபி சிஸ்டர், மாஃபி! வேண்டவே வேண்டாம்! அத மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க!" என்று கத்திக்கொண்டே, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஆறு மாடியையும் படியிறங்கி ஓடினார்.